படம் கீறும் பிள்ளையைத் தடுக்காதீர்

புலம்பெயர்ந்த எம்மவர் இல்லங்களில், பிள்ளை படம் கீறுவது சிறு வகுப்புகளில் பெருமைக்குரிய செய்தி. பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை நெருங்கும்போது அதுவே கவலைக்குரிய செய்தியாகி விடுகின்றது. உடைமைகளை இழந்து ஒற்றைப் பையுடன் வந்திறங்கிய பெற்றோர், தம் பிள்ளைக்கு உறுதியானதொரு தொழிலை விரும்புவது இயல்பே. ஆயினும், போரால் குலைந்த சமூகத்துக்கு ஓவியன் எதற்கு என்ற வினாவுக்கு எமது தாயகம் முன்னரே விடையளித்துள்ளது.

யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்கு தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கற்பித்தலுக்கு ஈந்தார். மாணவர் தாம் கண்டதையும் உணர்ந்ததையும் தமக்குரிய முறையில் வரையத் தூண்டினார். 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரான வாசுகி, போர்க்காலப் பெண்களின் துயரத்தை வண்ணங்களில் பதிவு செய்தார். பின்னர் மட்டக்களப்பில், சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தோடு இணைந்து பெண்களிடையே பணியாற்றினார். தூரிகையே அவரை மக்களிடம் அழைத்துச் சென்றது எனலாம்.

அதே மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா திறக்கப்பட்டது. கனடாவின் ரொறன்ரோ நகரில், உடற்குறைபாடுடைய சிறுவர்களுடன் கலைத் தோட்டமொன்றில் பணியாற்றிய ஓவியர் போல் ஹோகனும், உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் உருவாக்கத்தில் முன்னின்றனர். தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் அங்கு ஒன்றுகூடிக் களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை புனைந்தனர்.

இதன் பயன் யாது? பேரச்சம் கண்ட பிள்ளைக்கு அதனைக் கூறச் சொற்கள் இருப்பதில்லை. தன் கதையை ஒரு யானையின் கதையாகவோ பறவையின் கதையாகவோ மாற்றும்போது, அச்சம் சற்றுத் தள்ளி நிற்கின்றது. எதுவும் தன் வசத்தில் இல்லாதிருந்த பிள்ளைக்கு, எந்த நிறத்தை எங்கே இடுவது என்பதேனும் தன் வசமாகின்றது.

இனி எம்மூரை நோக்குவோம். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்தைச் சூழவும், அயலிலுள்ள டண்டினோங் வட்டாரத்திலும் எம்மவர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. எமது விழாக்களில் சித்திரப் போட்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால், மூன்று பிள்ளைகளுக்குப் பரிசளித்து முப்பது பிள்ளைகளை வெறுங்கையுடன் அனுப்புவது கலைக் கல்வியாகாது. புள்ளியும் பரிசும் இன்றி, மாதமொருமுறை இரண்டு மணி நேரம் பிள்ளைகள் விரும்பியதை வரைய வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் இடமளிக்கலாகாதா? பகல் முழுதும் வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டியரையும் அழைத்து வரலாம். அரை நூற்றாண்டாகக் கோலமிட்ட கைகள் அவை; அவற்றிடம் பேரப்பிள்ளைகள் கற்க நிறைய உண்டு.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பிள்ளையின் படத்தில் கறுப்பு நிறம் மிகுந்திருப்பதைக் கண்டு பொருள் கூறுவது எமது வேலையன்று. உறக்கமின்மை, ஓயாத அச்சம் முதலியன தொடர்ந்தால் மருத்துவரையே நாட வேண்டும். சித்திரவதைக்கும் போர்க் கொடுமைக்கும் ஆளானோருக்கென 1987இல் தொடங்கப்பட்ட அமைப்பொன்றும் விக்டோரியாவில் உண்டு. அதன் உதவியை நாடுவதில் நாணமடைய ஏதுமில்லை.

ஓவியத்தின் வழியே உளநலம் பேணுவது இந்நாட்டில் முறையாகப் பயிலக்கூடிய தொழிலாகும். மெல்பேணின் லா றோப் பல்கலைக்கழகம் அதனைப் பட்டப்பின் படிப்பாகக் கற்பித்து வந்துள்ளது. எமது மொழியும் எமது இழப்பும் அறிந்த ஒருவர் அத்தொழிலில் அமர்ந்தால், மொழிபெயர்ப்பாளரின்றி எத்தனை தாய்மார் மனம் திறப்பர்! அந்த ஒருவர், இன்று உங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் படம் கீறிக்கொண்டிருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். பெற்றோரே, அப்பிள்ளையின் கையிலுள்ள பென்சிலைப் பறிக்காதீர்கள்.