தனிவீடும் அதன் நிலமும்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைந்து இரங்குவது எமது மலர்களில் ஒரு சடங்காகிவிட்டது. நடுமுற்றமும் சுண்ணாம்புச் சுவரும் பனஞ்சலாகைக் கூரையும் மறைந்து சீமெந்து வீடுகள் எழுந்தமை பண்பாட்டு வீழ்ச்சி எனப்படுகிறது. முற்றம் வெம்மையைத் தணித்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயின் அம்முற்றத்தில் அமர்ந்தோர் யார்? படலைக்கு வெளியே நின்றோர் யார்? ஒடுக்கப்பட்ட சாதியினர் பிறர் காணியில் ஓலைக்குடில் இட்டு வாழ்ந்த ஊரில், நாற்சார் வீடு காணியுடையோர் வீடேயன்றித் தமிழர் வீடன்று. இரங்கற்பா பாடுவோர் இதனை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

போர் 2009 இல் முடிந்தபின் எழுந்த வீடுகளிலும் இக்கதையே தொடர்ந்தது. இந்திய வீடமைப்புத் திட்டம் 50,000 வீடுகளை அறிவித்தது: வடக்குக் கிழக்குக்கு 46,000, மலையகத்துக்கு 4,000. வடக்குக் கிழக்கிற் பெரும்பாலும் குடும்பத்தினரே கட்டிக்கொள்ளுமாறு 550,000 ரூபா தவணைகளில் வழங்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான், ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைத்தது. ஆனால் அத்திவாரம் வெட்டக் காணி வேண்டுமே! காணியற்றோர் பட்டியலுக்குப் புறத்தே நின்றனர். 2016 இல் 65,000 உருக்கு வீடுகள் என்ற யோசனை எழுந்தபோது, அவை எமது வெப்பத்துக்கு ஒவ்வா என எம் அறிஞர் உரக்க வாதிட்டனர். சரியான வாதமே. காணியற்றோருக்காக அக்குரலின் பாதியேனும் எழுந்ததா?

மலையகத்தில் ‘தனிவீடு’ என்ற சொல்லே ஒரு கோரிக்கையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் துரைமார் தொடக்கிய லயத்திலே ஓர் அறை ஒரு குடும்பத்தின் உலகம். அடுத்த வீட்டு இருமல் இவ்வீட்டு உறக்கத்தைக் கலைக்கும். சுவரும் தோட்டத்துக்கு, நிலமும் தோட்டத்துக்கு. தலைமுறை தலைமுறையாக வேலையும் உறைவிடமும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்டிருந்தன. அக்கயிற்றை அறுக்கவே 7 பேர்ச் காணியுடன் தனிவீடு என்ற திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். மேடைகளில் எண்ணப்படுபவை வீடுகள். காணியுறுதிகளை எண்ணுவோர் சிலரே. உறுதியற்ற வீடு, சற்றே அகலமான லயம்.

அந்த 7 பேர்ச்சும் எவ்வளவு? யாழ்ப்பாணத்துக் கணக்கில் 10 பேர்ச் ஒரு பரப்பு. ஒரு பரப்புக்கும் குறைந்த அந்நிலத்துக்காகவே ஒரு சமூகம் இத்தனை காலம் போராட வேண்டியிருக்கிறது. நாற்சார் வீட்டுக்கு இரங்கும் நண்பர்கள், தம் பாட்டனாரின் முற்றமும் கிணற்றடியும் வளவும் எத்தனை பரப்பு என்பதை ஒருமுறை அளந்துவிட்டு அடுத்த கட்டுரையை எழுதட்டும்.