செல்ஃப் கிட்டைக் கழற்றச் சொல்லுங்கள்



வீட்டு ஆர்.எக்ஸ்.100 தானாக ரேஸ் ஆகிறதா? 1996-லேயே உற்பத்தி நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டி அது. மேக்னெட் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே புகும்; பெட்ரோல் விகிதம் குறைந்து பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும்.

வெளியில் வாங்கி மாட்டிய செல்ஃப் கிட் மேக்னெட்டை மறைக்கிறதாம். அதைக் கழற்றச் சோம்பல்பட்டுக் கார்புரேட்டரைத் திருகி அனுப்புகிறார்கள் சில மெக்கானிக்குகள். வரப்பில் நண்டு வளை இருக்க, மடையைத் திறந்து மூடி என்ன பயன்?

கிட்டை இறக்கி, புல்லர் போட்டு மேக்னெட்டை எடுத்து, சீலை மாற்றச் சொல்லுங்கள். சுத்தியலைத் தூக்கினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முழங்கால் வலிக்காரர்கள் பிறகு செல்ஃப் மாட்டிக்கொள்ளட்டும். நெல் மூட்டை சுமக்கும் காலுக்குக் கிக்கர் ஒரு பாரமா?