முன்சீப் கோர்ட்டில் தொடங்கிய பயணம்



நீதிபதி என்றதும் டெல்லி உச்ச நீதிமன்றம்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், நம் பெரம்பலூர், அரியலூர் நீதிமன்றங்களைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். வெங்காயக் காட்டு வரப்புத் தகராறானாலும், கொலை வழக்கானாலும், முதலில் விசாரிப்பது இங்கேதான். சாட்சியின் முகம் பார்த்து, குரல் கேட்டு உண்மையை அறிபவர் இந்த நீதிபதியே. மேல்முறையீட்டில் பெரும்பாலும் காகிதங்கள்தான் பேசும்.

பாத்திமா பீவி அம்மையார் 1927-ல் கேரளத்தின் பத்தனம்திட்டாவில் பிறந்தவர். 1958-ல் முன்சீப் ஆனார். 1974-ல் மாவட்ட நீதிபதி. 1983-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி! 1997-ல் நம் தமிழகத்துக்கே ஆளுநராக வந்தார். 2023-ல் மறைந்தார். முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போக 31 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு படியாகத்தான் ஏறினார்.

நான் ஆசிரியராக இருந்தபோது, இரு மாணவர்கள் சண்டையிட்டார்கள். அழுதவன் பேச்சை மட்டும் கேட்டு, மற்றவனைத் தண்டித்தேன். அவன் மீது தவறே இல்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. இன்றும் மனம் உறுத்துகிறது.

நீங்கள் இரு பக்கமும் கேட்ட பிறகே முடிவு சொல்லுங்கள். நீதிபதியாக விரும்பும் பிள்ளைக்கு அதுவே முதல் பாடம்!