பல்லைக் காட்டு பாப்பா

பென்னாகரம் பக்கத்துல எங்க அத்தை ஊர். ஒரு தடவை அங்கே கேமராவோட வந்த ஒருத்தர் தெருப் பிள்ளைங்களை வரிசையா நிக்க வெச்சு "ஈ... காட்டு"ன்னு படம் எடுத்துட்டிருந்தார். ஒரு பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டா. கையை எடுக்கச் சொன்னார். எடுத்தா. க்ளிக்.

தருமபுரிக்காரங்களுக்கு விஷயம் தெரியும். போர் தண்ணியில ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா குடிக்க லாயக்கில்ல. சின்ன வயசுல, ஈறுக்குள்ள பல்லு உருவாகும்போதே எனாமல் கெட்டுப்போகுது. அப்புறம் காவிரித் தண்ணியே குடிச்சாலும் கறை போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே 2013-லதான்.

படமே எடுக்காதீங்கன்னு சொல்லலைங்க. படம் பார்த்துத்தான் வெளியூர்ல பல பேருக்கு இது தண்ணியால வர்ற நோய்னு தெரிஞ்சிருக்கும். (அதுவரைக்கும் பல்லு விளக்காத பசங்கன்னு நினைச்சிருப்பாங்க!)

ஆனா 1972-ல வியட்நாம்ல நாபாம் குண்டுல வெந்து, உடம்புல துணியில்லாம ஓடி வந்த 9 வயசு கிம் ஃபுக் படம் ஞாபகம் இருக்கா? உலகமே பார்த்துப் பதறின படம். அந்தப் படத்தை வெறுத்துக்கிட்டேதான் வளர்ந்தேன், ஏன் என்னை அப்படி எடுத்தாங்கன்னு நினைச்சேன்னு அந்தம்மாவே பின்னாடி எழுதியிருக்காங்க. போர்ப் படத்துக்கே இப்படின்னா, பல்லுப் படத்துக்கு என்ன அவசரம்? வாயை மட்டும் கிட்டத்துல எடுத்தா நோய் தெரியும், ஆள் தெரியாது. முகமும் வேணும்னா அந்தப் பிள்ளையையும் வீட்டுலயும் கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க.

எங்க பக்கம் பொண்ணு பார்க்க வர்றவங்க பல்லையும் பார்க்கிறாங்க சார்.