சுவரில் ஓதம், நெஞ்சில் இளைப்பு



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று ஏறிப் பார்க்கிறோம், சன்னல் கதவைச் சரிசெய்கிறோம், துணி காயவில்லையே என்று கவலைப்படுகிறோம். ஆனால் தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தின் கூரையை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. இந்த மாதம் உங்களை அப்படிப் பார்க்கச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்புக் கறை. ஏ.சி. பெட்டிக்குக் கீழே தண்ணீர் வழிந்த தடம். பெயின்ட் பொருமி உதிரும் மூலை. ரெக்கார்டு ரூம் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் பூஞ்சை வாடை. இவற்றையெல்லாம், “பழைய கட்டடம், மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த அறையிலேயே வேலை பார்ப்பவருக்கு மாதக்கணக்கில் சளியும் இருமலும் நீடித்தால், “அவருக்கு உடம்பு வாகு அப்படி” என்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடம். பல ஆண்டுகளாக அதற்குள் நீர் கசிந்துகொண்டிருந்தது. ஊழியர்கள் மூச்சுக் கோளாறு பற்றி முறையிட, அந்நாட்டு அரசின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் விசாரணையில் இறங்கியது. 1,327 பேரில் 888 பேர் கேள்விகளுக்குப் பதில் தந்தார்கள். பெரியவர்களான பிறகு ஆஸ்துமா வந்ததாகச் சொன்னவர்கள் 103 பேர். அவர்களில் 66 பேருக்கு அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகுதான் அது வந்திருந்தது. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 1.9 என்றிருந்த புது ஆஸ்துமா, குடிவந்த பின் 14.5 ஆனது. இவர்கள் நெசவாலையில் பஞ்சுத் தூசியிலோ குவாரியில் கல்தூளிலோ நின்றவர்கள் அல்லர். மேசையும் கணினியும் கோப்புமாக வேலை பார்த்தவர்கள்.

அந்தக் கட்டடம் பிறகு பழுதுபார்க்கப்பட்டது. ஆனால், ஏற்கெனவே நோய்ப்பட்டவர்களின் மூச்சுக் கோளாறு எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று 2011-இல் வந்த தொடர் ஆய்வு சொன்னது. சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தைத் தாமதமாகவும் சீர்செய்துவிடலாம். நுரையீரலுக்கு அந்தத் தவணை கிடைப்பதில்லை.

பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. அவை முளைக்க ஈரமும் இரையும் வேண்டும். காகிதம், அட்டைப் பெட்டி, ஒட்டுப்பலகை, ஜிப்சம் பலகையின் மேல்தாள், கார்ப்பெட்டில் படிந்த தூசி என்று இரைக்கு அலுவலகத்தில் குறையே இல்லை. ஈரத்தைக் கசியும் குழாயோ, அடைத்துக்கொண்ட ஏ.சி. டிரெயின் பைப்போ, விரிசல் விட்ட தளமோ கொண்டுவந்து சேர்க்கிறது. ஓதம் ஏறிய இடத்தில் பாக்டீரியாவும் தூசிச் சிற்றுண்ணியும் கூடவே பெருகும்.

நம் அலுவலகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர் வெளியே போகக் கூடாதென்று சன்னல்களை அடைத்து ஸ்பிளிட் ஏ.சி. மாட்டுகிறோம். பெரும்பாலான ஸ்பிளிட் ஏ.சி.க்கள் அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுபவை. வெளிக்காற்றைக் கொண்டுவருபவை அல்ல. இருபது பேர் விட்ட மூச்சும், காயிலில் படிந்த அழுக்கும், மூலையில் பூத்த பூஞ்சையின் வித்துகளும் அதே அறைக்குள் நாள் முழுக்கச் சுற்றிவருகின்றன.

அறிகுறிகள் சாதாரணமாகத்தான் தொடங்கும். தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, தொண்டைக் கரகரப்பு. பிறகு வறட்டு இருமல், வீசிங், படியேறினால் இளைப்பு. சிலருக்கு மட்டும் அந்த அறையில் இருந்து சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் குளிரும் மூச்சுத் திணறலும் வரும். அது நுரையீரல் திசுவே ஒவ்வாமையால் அழற்சி அடைவதன் அடையாளமாக இருக்கலாம். அசட்டையாக விடக் கூடாது.

கவனிக்க வேண்டிய தடயம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மூச்சு லேசாக இருக்கிறதா? திங்கள் மதியத்துக்குள் மறுபடி அடைக்கிறதா? பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனபோது இருமல் நின்றதா? அப்படியானால் தேதி போட்டு எழுதி வையுங்கள். மருத்துவர் வீட்டுத் தூசியையும் பரம்பரையையும் விசாரிப்பார். அலுவலகச் சுவரைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூச்சு ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவியால் வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் அளந்து பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

“பூஞ்சைதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது?” என்று நிர்வாகம் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கட்டட ஈரப்பதமும் பூஞ்சையும் பற்றித் தனி வழிகாட்டியே வெளியிட்டது. இத்தனை வித்துகள் வரை பாதுகாப்பு என்று ஓர் எல்லையை அது வகுக்கவில்லை. ஈரத்தையும் பூஞ்சையையும் வராமல் தடுக்க வேண்டும், வந்தால் நீக்க வேண்டும் என்பதே அதன் முடிவு. ஆகவே ஆய்வுக்கூட அறிக்கை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கண்ணுக்குக் கறை தெரிந்தால், மூக்குக்கு வாடை தெரிந்தால், வேலையைத் தொடங்கப் போதும்.

முதல் வேலை, தண்ணீர் வரும் வழியை அடைப்பது. கசிவை நிறுத்தாமல் மேலே பெயின்ட் அடிப்பது, சீழ் வைத்த புண்ணுக்குப் பவுடர் பூசுவது போலத்தான். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தென் மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்தபோது நாம் சேற்றைக் கழுவினோம். நனைந்த பலகையும் மெத்தை நாற்காலியும் உள்ளேயே இருந்துவிட்ட இடங்கள் பல. பூஞ்சை ஏறிய கார்ப்பெட்டையும் சீலிங் பலகையையும் அட்டைப் பெட்டிகளையும் வெளியேற்றத்தான் வேண்டும். கண்ணாடி, உலோகம், டைல்ஸ் போன்றவற்றைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி உலர்த்தலாம். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால், மருந்தடித்துவிட்டு அப்படியே விட்டால் பயனில்லை. ஒரு முக்கிய எச்சரிக்கை: பிளீச்சிங்கையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் நச்சுவாயு கிளம்பும். ஏ.சி. ஃபில்டரையும் டிரெயின் பைப்பையும் மழைக்கு முன்னால் சுத்தம் செய்யுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

இந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். துப்புரவு செய்யும் அக்காவிடம் ஒரு துணியையும் வாளியையும் கொடுத்து, “அந்த மூலையைத் துடைச்சிடுங்க” என்று சொல்லிவிடுகிறோம். அவருக்கு என்95 முகக்கவசமும் கையுறையும் கண்ணாடியும் கொடுத்தாக வேண்டும். ஆஸ்துமா உள்ளவரை அந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. அடித்தளத்தில் அமர்ந்திருக்கும் காவலாளி, கோப்பறை எழுத்தர், ஒப்பந்தப் பணியாளர் ஆகியோர் ஓதத்துக்கு மிக அருகில் இருக்கிறார்கள். முறையிட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர்களும் அவர்களே.

சுத்தமும் காற்றோட்டமும் சலுகைகள் அல்ல. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இவ்விரண்டையும் வலியுறுத்துகிறது. காலமெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் 2021-இல் வந்ததும் இதே சட்டத்தில்தான். கால் கடுக்க நிற்பது இயல்பு என்று எண்ணிய காலம் மாறியது. ஓதம் பூத்த அறையில் இருமிக்கொண்டே உழைப்பது இயல்பு என்ற எண்ணமும் மாறும். அதற்கு யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அலுவலகம் நடத்தும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள்: இந்த வாரமே ஒரு பிளம்பரை அழைத்துக்கொண்டு உங்கள் கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை சுற்றிப் பாருங்கள். வேலைக்குப் போகும் வாசகர்களுக்கு: கறையைப் படம் எடுங்கள், தனியாளாக இல்லாமல் நாலு பேராகச் சேர்ந்து எழுத்தில் முறையிடுங்கள். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் ஓயாமல் இருமினால், விடுப்புக் கணக்கைப் பேசுவதற்கு முன் அவர் தலைக்கு மேலே உள்ள கூரையைப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்