நடைபாதையும் தள்ளுவண்டியும்

மும்பை மாதுங்காவில் மேம்பாலத்தின் அடியில் கிடந்த இடம் 2016ஆம் ஆண்டு பூங்காவாகத் திறக்கப்பட்டது. அது குப்பைமேடாகிவிடாமல் காத்து, மாநகராட்சியை விடாது வலியுறுத்திப் பெற்றவர்கள் அப்பகுதிக் குடியிருப்போரே. நர்மதை ஆற்றின் போக்கைப் போல் வளைந்து செல்கிறது அதன் நடைபாதை. இதை நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று தோழர்கள் ஒதுக்கிவிடலாகாது.

அருகிலுள்ள தாராவியிலோ நடை என்பது உடற்பயிற்சியன்று, பிழைப்பு. சயான், மாகிம் ரயில் நிலையங்களுக்கும் பட்டறைகளுக்கும் உழைப்பாளிகள் நடந்தே செல்கின்றனர். 90 அடிச் சாலையில் லாரிகளுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் நடுவே புகுந்து போகவேண்டும். சந்துக்குள் திரும்பினால் சாக்கடை மூடி இருக்கிறதா என்று பார்த்துக் கால்வைக்கவேண்டும். நடக்க வழிவேண்டும் என்பது இங்கே வர்க்கக் கோரிக்கை.

அதனை நாம் எழுப்பாவிடில் பிறர் எழுப்புவர். எவ்வாறு எழுப்புவர் என்பதை 2017 காட்டிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் சாலை ரயில் நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் மாண்டனர். பாலத்தை அகலப்படுத்தாதது ரயில்வேயின் குற்றம். ஆனால் அடுத்த மாதமே மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையினர் நிலைய வாயில்களில் கடைகளைச் சூறையாடி, வட இந்திய வியாபாரிகளை அடித்து விரட்டினர். நவம்பர் 1 அன்று மும்பை உயர் நீதிமன்றமும் ரயில் நிலையங்களிலிருந்து 150 மீட்டருக்குள் வியாபாரம் கூடாது என்றது. 1960களில் 'மதராசி' என்று விரட்டப்பட்ட தமிழருக்கு இக்காட்சி புதிதன்று. விடியுமுன் தாராவியில் இட்லி அவித்து நகரெங்கும் சுமந்து விற்கும் நம்மவரும் அதிகாரிகளின் கண்ணில் ஆக்கிரமிப்பாளரே. சாலையோரம் நாள்முழுதும் நிற்கும் காரை மட்டும் எவரும் அப்படி அழைப்பதில்லை!

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. குடியிருப்போர் சங்கங்கள் பலவும் இவற்றைப் பேசுவதில்லை. நம் கிளைகள்தாம் பேசவேண்டும்.

எனவே தெருக் குழு அமைக்கும்போது முதலில் அழைக்கவேண்டியவர் முனையில் காய்கறி விற்கும் அம்மா. எந்த நேரத்தில் எந்த லாரி வழியடைக்கிறது, எங்கே மூடி உடைந்துள்ளது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரையும் உடன்வைத்துச் சந்து சந்தாக அளந்து குறித்து, தாராவித் தோழர்கள் ஜி வடக்கு வார்டு அலுவலகத்திலும், மாதுங்காத் தோழர்கள் எஃப் வடக்கிலும், செம்பூர்த் தோழர்கள் எம் மேற்கிலும் மனுக்கொடுக்கலாம். மழைக்காலத்திற்கு முன்பே கொடுப்பது நலம்.