பல்புக்கும் சுவிட்சுக்கும் பொருத்தம் பார்த்தீர்களா?



இல்லத்திற்கு ஒளி வேண்டும். எனினும் எல்லா வேளைக்கும் ஒரே அளவு ஒளி வேண்டுவதில்லை. பிள்ளைகள் பாடம் படிக்கும் மாலைப் பொழுதுக்குரிய வெளிச்சம் வேறு. பச்சிளங்குழந்தைக்கு நள்ளிரவில் பாலூட்டும் தாய்க்குரிய வெளிச்சம் வேறு. பார்வை மங்கிய முதியவர் தஹஜ்ஜுத் தொழுகைக்கோ, நோன்பு நாளில் சஹருக்கோ எழும்போது, பிறர் உறக்கம் கெடாமலும் தாம் இடறி விழாமலும் இருக்க ஒரு மெல்லொளி போதும். இவற்றையெல்லாம் ஒரே விளக்கில் பெறலாம் என்று எண்ணித்தான், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் 'டிம்மர்' சுவிட்சைப் பலரும் தம் இல்லங்களில் பொருத்தி வைத்துள்ளனர்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் நடப்பதென்ன? விளக்கு ஓயாமல் கண் சிமிட்டுகிறது. 'உர்ர்' என்று ஓசை எழுப்புகிறது. சுவிட்சை அணைத்த பின்னரும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. சில வாரங்களில் பல்பு கெட்டுப் போகிறது. உடனே, மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரைக் கடிந்துகொள்கிறோம். பல்பும் தரமானதாக இருக்கலாம்; டிம்மரும் தரமானதாக இருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவையாக இருந்துவிட்டால், அவற்றின் தரம் எதற்கு உதவும்? சம்பந்தம் பேசும்போது 'குஃபு' பார்க்கத் தவறாத நாம், பல்பையும் சுவிட்சையும் இணைக்கும்போது பொருத்தம் பார்க்க மறந்துவிடுகிறோம்!

பொருத்தம் பார்க்க வேண்டுமாயின், டிம்மர் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். முற்காலத்து டிம்மர்கள் மின்சாரத்தைத் தடுத்து, மிஞ்சியதை வெப்பமாக வீணாக்கின; அளவிலும் பெரியவை. 1959ஆம் ஆண்டில் ஜோயல் ஸ்பைரா என்னும் அமெரிக்கர், சுவரிலேயே பதிக்கத்தக்க சிறிய மின்னணு டிம்மரை உருவாக்கினார். இந்த வகை டிம்மர் மின்சாரத்தைத் தடுப்பதில்லை. வெட்டி வெட்டித் தருகிறது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் ஒரு வினாடியில் 50 முறை முன்னும் பின்னுமாக அலைபாய்கிறது. அதாவது, வினாடிக்கு 100 அரை அலைகள். அந்த ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை டிம்மர் வெட்டிவிட்டு, எஞ்சியதை மட்டும் பல்புக்கு அனுப்புகிறது. குமிழைத் திருகத் திருக, வெட்டும் பகுதி கூடுகிறது, வெளிச்சம் குறைகிறது.

பழைய குண்டு பல்புக்கு இந்த வெட்டு ஒரு பொருட்டே அன்று. அதனுள் இருப்பது பழுக்கக் காய்ந்த ஓர் இழை. வினாடிக்கு நூறு முறை மின்சாரம் அறுபட்டாலும், அந்த இழை ஆறுவதற்குள் அடுத்த மின்னோட்டம் வந்து சேர்ந்துவிடும். ஆகவேதான் குண்டு பல்பும் டிம்மரும் நெடுங்காலம் இணக்கமாக வாழ்ந்தன. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: குண்டு பல்பின் வெளிச்சத்தைப் பாதியாக்கினால் மின்செலவு பாதியாகிவிடாது, பத்தில் ஏழு பங்கு அளவுக்குச் செலவு தொடரும். டிம்மர் கண்ணுக்கு இதம் தரும். மின்கட்டணத்தை அதே அளவுக்குக் குறைக்கும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்து வந்தவை சி.எஃப்.எல். பல்புகள். இவற்றுள் இழை இல்லை. ஒரு சிறு மின்னணுச் சுற்று உண்டு. முழு அலையாக வரும் மின்சாரத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது அது. வெட்டுண்ட அலையைக் கொடுத்தால் அச்சுற்று திணறும், சூடேறும், பல்பின் அடிப்பகுதி கருகவும் கூடும். சாதாரண சி.எஃப்.எல். பல்பை டிம்மரில் ஒருபோதும் மாட்டலாகாது. சோக்கும் ஸ்டார்ட்டரும் கொண்ட டியூப் லைட்டுக்கும் இதே விதிதான்.

இனி, இன்று வீடுதோறும் எரியும் எல்.இ.டி. பல்புக்கு வருவோம். இந்த வெண்ணிற ஒளிக்கு வழிவகுத்த நீல ஒளி எல்.இ.டி.யைக் கண்டமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2015 ஜனவரி 5ஆம் நாள், இந்திய அரசு 'உஜாலா' திட்டத்தைத் தொடங்கி, மலிவு விலையில் எல்.இ.டி. பல்புகளை நாடெங்கும் வழங்கியது. அத்திட்டத்தின் வாயிலாக மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் மக்களைச் சென்றடைந்துள்ளன. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை ஏறத்தாழ 9 வாட் பல்பு தருகிறது என்றால், அது எத்தகைய நன்மை!

ஆனால் பல்பு மாறிய வேகத்தில் சுவிட்ச் போர்டு மாறவில்லை. குண்டு பல்புக் காலத்தில் பதித்த டிம்மர் இன்னும் பல வீட்டுச் சுவர்களில் அப்படியே இருக்கிறது. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

எல்.இ.டி. பல்பினுள் 'டிரைவர்' எனப்படும் மின்னணுச் சுற்று ஒன்று இருக்கிறது. வெளியே மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும், உள்ளே ஒரே சீரான மின்னோட்டத்தைத் தருவது அதன் கடமை. டிம்மரோ ஒளியைக் குறைக்க முயல்கிறது. டிரைவரோ குறையவிடாமல் தாங்க முயல்கிறது. இருவரும் இழுபறியில் இறங்கினால் விளக்கு சிமிட்டாமல் என்ன செய்யும்? அன்றியும், பழைய டிம்மர் சீராக இயங்க 40 வாட், 60 வாட் என்று ஒரு குறைந்தபட்சச் சுமை வேண்டும். அதில் ஒரே ஒரு 9 வாட் பல்பை மாட்டினால் அச்சுமை கிட்டாது. டிம்மர் நிலைகொள்ளாமல் தடுமாறும்.

அப்படியாயின் தீர்வு என்ன? கடைக்குச் செல்லும்போது மூன்று வினாக்களை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது: பல்பின் பெட்டியில் 'டிம்மபிள்' என்னும் சொல் இருக்கிறதா? இருந்தால் மட்டுமே அதை டிம்மரில் மாட்டலாம். 'நான்-டிம்மபிள்' என்று இருந்தாலும், எதுவுமே எழுதப்படாமல் இருந்தாலும் மாட்டலாகாது.

இரண்டாவது: டிம்மர் எந்த வகையைச் சேர்ந்தது? அலையின் முன்பகுதியை வெட்டுவது ஒரு வகை. இதற்கு 'லீடிங் எட்ஜ்' என்று பெயர். குண்டு பல்புக்கும், இரும்புச் சுருள் டிரான்ஸ்பார்மருடன் எரியும் ஆலஜன் விளக்குக்கும் இது ஏற்றது. அலையின் பின்பகுதியை வெட்டுவது மற்றொரு வகை. இதற்கு 'டிரெயிலிங் எட்ஜ்' என்று பெயர். மின்னணு டிரான்ஸ்பார்மர் கொண்ட ஆலஜனுக்கும், டிம்மபிள் எல்.இ.டி. பல்புகளுள் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே ஒத்துவரும். 'எல்.இ.டி.க்கு உரியது' என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட டிம்மரைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது: டிம்மர் தாங்கும் சுமையின் கீழெல்லையும் மேலெல்லையும் யாவை? அந்த டிம்மரில் எரியும் பல்புகளின் வாட் அளவுகளைக் கூட்டினால், தொகை இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே அமைய வேண்டும். பழைய டிம்மரில் 400 வாட் என்று எழுதியிருந்தால், அது குண்டு பல்புக்கான கணக்கு. எல்.இ.டி. பல்புக்கு அதில் பத்தில் ஒரு பங்காகிய 40 வாட் என்று கொள்வதே எச்சரிக்கையான வழக்கம்.

ஒரே டிம்மரில் வெவ்வேறு வகைப் பல்புகளைக் கலந்து மாட்டாதீர்கள். கூடத்துக்கு ஆறு பல்புகள் வேண்டுமென்றால், முதலில் ஒன்றிரண்டை மட்டும் வாங்கிப் பொருத்தி, குறைந்த ஒளியிலும் நிறைந்த ஒளியிலும் எரியவிட்டுப் பார்த்து, பின்னர் மற்றவற்றை வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். மின்விசிறியின் ரெகுலேட்டரை விளக்குக்குப் பயன்படுத்தலாகாது. விளக்கின் டிம்மரை மின்விசிறிக்கும் பயன்படுத்தலாகாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பினும் உள்ளமைப்பு வேறு. செல்பேசி சார்ஜரோ மிக்ஸியோ செருகும் பிளக்கை டிம்மரின் வழியே இணைப்பது பெருந்தவறு. செல்பேசியால் இயக்கப்படும் பல்புகளையும் டிம்மரில் மாட்டலாகாது. அவற்றின் ஒளியைக் குறைக்கும் ஏற்பாடு அவற்றினுள்ளேயே இருக்கிறது.

சரி, உங்கள் தேவை இரவில் ஒரு மெல்லொளி மட்டும்தானா? அப்படியானால் டிம்மரே வேண்டாம். நாம் 'ஜீரோ வாட்' என்று அழைத்து வந்த பழைய சிறு பல்பு, பெயருக்கு மாறாக ஏறத்தாழ 15 வாட் மின்சாரத்தை விழுங்கியது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால், நம் மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் 7 யூனிட்டைத் தாண்டும். அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு அதே காலத்தில் கால் யூனிட் அளவே செலவழிக்கும். முதியோர் படுக்கும் அறைக்கும் கழிவறைக்குச் செல்லும் வழிக்கும் ஒவ்வொன்று போட்டுவிட்டால், இருளில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயம் பெரிதும் குறையும். இனி, சாதாரணச் சுவிட்சை அணைத்துப் போட்டாலே ஒளி படிப்படியாகக் குறையும் எல்.இ.டி. பல்புகளும் கிடைக்கின்றன. பாலூட்டும் தாய்மார் இருக்கும் அறைக்கு அவை மிகவும் ஏற்றவை.

ஒரு சுவிட்சுக்கு இத்தனை விசாரணையா என்று சிலர் நினைக்கலாம். எங்கள் ஆனைக்குட்டத்திலும், அடுத்துள்ள திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்திலும், வெப்பத்தையும் தீப்பொறியையும் அற்பமாக எண்ணலாகாது என்பதை யாரும் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் உராய்வுக்கும் பொறிக்கும் அஞ்சி, கருத்தோடு பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் நாம், வீட்டுச் சுவரில் சூடேறிக்கொண்டிருக்கும் ஒரு சுவிட்சை ஆண்டுக்கணக்கில் கவனியாமல் விடலாமா? காகிதக் கட்டும் அட்டைப் பெட்டியும் அடுக்கிய அறையாயின் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, இன்றிரவே உங்கள் வீட்டு டிம்மரைச் சோதியுங்கள். விளக்கு அரை மணி நேரம் எரிந்த பின், ஈரமில்லாத புறங்கையை அதன் மூடிமீது வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானதே. கை பொறுக்காத சூடோ, கருகல் வாடையோ, ஓயாத இரைச்சலோ இருந்தால் அதை உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனை அழையுங்கள். மெயின் சுவிட்சை அணைக்காமல் நீங்களே கழற்ற முற்பட வேண்டாம். டிம்மருக்குத் தேவையே இல்லை என்று தெரிந்தால், அவ்விடத்தில் ஒரு சாதாரணச் சுவிட்சைப் பொருத்தச் சொல்லுங்கள். பிறகு அந்த விளக்கில் எந்த எல்.இ.டி. பல்பையும் அச்சமின்றி மாட்டலாம்.